தேங்காய் வெட்டிய வலது கை

போன மாதம் பிராங்பேர்ட்டில், தொழிலாளர் சபைகளுக்குப் புதிதாகத் தெரிவான தமிழர்களுக்கென்று நடந்த உங்கள் பயிற்சி நாளுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். தேநீர் இடைவேளையில் ஒரு பெண் தடித்த சட்டப் புத்தகத்தோடு என்னிடம் வந்தார். சென்னைக்காரர், ஒரு கணினி நிறுவனத்தில் வேலை செய்பவர்கள் தங்கள் சார்பில் நிர்வாகத்தோடு பேச வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் சபைக்குப் புதிதாகத் தெரிவானவர். "அங்கிள், இதுல எந்த செக்‌ஷனை முதல்ல படிக்கணும்?" என்று கேட்டார். ஓய்வு பெற்ற ஒருவனிடம் இப்படிக் கேட்டால் அவன் ஒரு மணித்தியாலம் கதைப்பான் என்று அவருக்குத் தெரியாது. நல்ல வேளையாக அதற்குள் அடுத்த வகுப்புக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அவருக்கும் அன்றைக்கு அங்கே இருந்த உங்கள் எல்லோருக்கும் இதுதான் என் பதில். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். சட்டத்தை நீங்கள் என்னைவிடத் திறமாகப் படிப்பீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் சொல்லப்போவது ஒரு மனிதனின் வலது கையைப் பற்றி. அந்தக் கை இன்றைக்கும் முழுதாக மடங்காது. அதற்குப் பாதிக் காரணம் ஓர் இயந்திரம். மற்றப் பாதி நான்.

ஹம் நகரத்தின் ஓரத்தில், சீஸ் வெட்டிப் பொதி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தாறு வருஷம் வேலை செய்தேன். எங்கள் பின்னேர ஷிஃப்டில் முக்கால்வாசிப் பேர் தமிழர்கள். ஒருவர் மற்றவரின் மச்சான், அல்லது மச்சானுக்கு மச்சான். நிர்வாகத்துக்கு எங்களில் நல்ல விருப்பம். ஆலை முகாமையாளர் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு வந்தால் எங்கள் பக்கம் கையைக் காட்டி, "தமிழர்கள். ஒரு பிரச்சினையும் இல்லாத ஆட்கள்" என்பார். அதைக் கேட்டு எங்களுக்கு நெஞ்சு நிமிரும். வீட்டுக்குப் போய் மனைவியிடம் இதை எத்தனை தரம் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. பிரச்சினை இல்லாத ஆள் என்றால் நிர்வாகத்தின் வாயில் அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது நான் யோசித்துப் பார்க்கவில்லை.

ஜெர்மனியில் உலகக் கிண்ண உதைபந்தாட்டம் நடந்த வருஷம், அதற்குச் சற்று முன்னால், சபைத் தேர்தல் வந்தது. "இராசண்ணை நல்லா டொச் கதைப்பார், அவரைப் போடுவம்" என்று எங்கள் ஆட்கள் முடிவு செய்தார்கள். ஜெர்மன் மொழியை நாங்கள் டொச் என்போம். இனி அண்ணை கதைப்பார், நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கலாம் என்பதுதான் அவர்களுடைய கணக்கு. தெரிவான நானும் கூட்டங்களில் வாயைப் பொத்திக்கொண்டுதான் இருந்தேன். சபையின் தலைவி என்னைவிடப் பத்து வயது இளையவர், ஜெர்மன்காரி, ஆலையின் ஆய்வுகூடத்தில் இருந்து வந்தவர். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்தக் கடதாசி வந்தாலும் முதல் வேலையாக அதன் மேல் மூலையில் வந்த நாளையும் நேரத்தையும் எழுதுவார், நிமிடம் உட்பட. இந்த ஜெர்மன்காரருக்கு வேறு வேலை இல்லை என்று நான் மனதுக்குள் சிரித்ததுண்டு.

இனி எங்கள் பிள்ளையாரைப் பற்றிச் சொல்லவேண்டும். பொதி செய்யும் இயந்திரத்தில் பிளாஸ்டிக் தாளைக் குறுக்கே வெட்டும் கத்தி ஒன்று உண்டு. அதற்கு மேலே ஒரு மூடி. மூடியைத் திறந்தால் இயந்திரம் தானாக நின்றுவிடும், அப்படி ஒரு சின்ன மின்கருவியை ஓரத்தில் பொருத்தியிருந்தார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் தாள் அடிக்கடி சிக்கும். ஒவ்வொரு முறையும் நிறுத்தி, இழுத்து, மூடி, திரும்ப ஓடவிட நேரம் போகும். அந்தக் கருவிக்குப் பக்கத்தில் ஒரு காந்தத்தை ஒட்டிவிட்டால் மூடி மூடியே கிடக்கிறது என்று நம்பி இயந்திரம் பாட்டுக்கு ஓடும். அந்தக் காந்தத்தைக் கொண்டுவந்தவன் நான். என் பழைய காரின் உடைந்த ஸ்பீக்கரில் இருந்து கழற்றியது. தடைகளை நீக்குகிறவர் என்பதால் அதற்குப் பிள்ளையார் என்று பெயர் வைத்தோம். வேலை தொடங்கும்போது "பிள்ளையாரை வையுங்கோ" என்று யாராவது சொல்வார்கள். பாதுகாப்பு அதிகாரி வருகிறார் என்றால் "பிள்ளையாரை எழுப்புங்கோ" என்று ஒரு குரல் வரும், காந்தம் சட்டைப் பைக்குள் போய்விடும். மைஸ்டர், அதாவது எங்கள் ஷிஃப்டுக்குப் பொறுப்பான ஜெர்மன்காரர், பக்கத்திலேயே நிற்பார். அவருக்குச் சொல் விளங்காது, விஷயம் நன்றாக விளங்கும். இயந்திரம் நிற்காமல் ஓடுவது அவருக்கும் வசதியாகத்தான் இருந்தது.

சாப்பாட்டு அறை வாசலில் ஒரு பலகை தொங்கியது. 'விபத்தில்லாத நாட்கள்' என்று எழுதி, அதன் கீழே தகட்டு இலக்கங்களை மாட்டியிருப்பார்கள். காலையில் ஒருவர் வந்து இலக்கத்தை மாற்றுவார். ஒரு வருஷம் முழுதாக நிறைந்தால் முற்றத்தில் விருந்து, எல்லா ஷிஃப்டுக்கும் படம் பிடித்துச் சுவரில் மாட்டுவார்கள். அந்த இலையுதிர்காலத்தில் பலகை முந்நூறைத் தாண்டியிருந்தது.

அப்போது யோகனுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மனைவி வதனி, சின்னதாக இரண்டு பெண் பிள்ளைகள். ஏழு வருஷமாக 'டுல்டுங்' என்ற கடதாசியில் இருந்தான். உன்னை இன்னும் திருப்பி அனுப்பவில்லை, அவ்வளவுதான் என்று சொல்கிற கடதாசி அது. அந்த நாட்களில்தான், இப்படி வருஷக்கணக்காகக் கிடப்பவர்களிடம் நிலையான வேலை இருந்தால் வதிவிட அனுமதி கொடுக்கலாம் என்று அரசாங்கத்தில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. யோகனிடம் வேலை இருந்தது. அவனுடைய குடும்பம் முழுக்க அந்த வேலையில்தான் தொங்கியது.

ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் நாலு மணிக்குத் தாள் சிக்கியது. யோகன் மூடியைத் திறந்து வலது கையை உள்ளே விட்டான். பிள்ளையார் வைத்த இடத்திலேயே இருந்தார். கத்தி இறங்கியது.

அவன் கத்தவில்லை. "அண்ணை" என்று மட்டும் சொன்னான். திரும்பிப் பார்த்தேன். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடிப்பக்கத்தில், உள்ளங்கைப் பக்கமாக, எலும்புவரை வெட்டுப்பட்டிருந்தன. துவாயால் சுற்றி இறுக்கிப் பிடித்தேன். மைஸ்டர் ஓடி வந்து இயந்திரத்தை நிறுத்தினார். பிறகு காந்தத்தைக் கழற்றி என் கையில் வைத்தார். "இதையும் கொண்டு போ" என்றார். மற்றவர்கள் ஏற்கெனவே தரையைக் கழுவத் தொடங்கியிருந்தார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், என் காரில் வைத்து நான்தான் சொன்னேன். "யோகன், வேலைத்தலத்திலை நடந்ததெண்டு சொல்லாதை. காந்தம் வைச்சு வேலை செய்தால் காப்புறுதி ஒண்டும் தராது. உன்னையும் கலைச்சுப் போடுவாங்கள், எங்களையும் கலைச்சுப் போடுவாங்கள். வீட்டிலை தேங்காய் உடைக்கேக்கை வெட்டினதெண்டு சொல்லுவம்."

"ஓம் அண்ணை. நீங்கள் சொன்னால் சரி," என்றான். முகம் வெளிறிக் கிடந்தது.

காப்புறுதி தராது என்று எனக்கு யார் சொன்னது? ஒருவரும் இல்லை. எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், ஆகவே நானும் நம்பினேன். சபையில் ஒரு கதிரை எனக்கென்று இருந்தது, அலமாரி நிறையச் சட்டப் புத்தகம் இருந்தது, கேட்டால் பதில் சொல்லத் தலைவி இருந்தார். நான் ஒருவரையும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டொக்டர், எங்கே நடந்தது என்று கேட்டார். நான் யோகனுக்கு அதை மொழிபெயர்க்கக்கூட இல்லை. வீட்டில், தேங்காய் உடைக்கும்போது என்று நானே பதில் சொன்னேன். டொக்டர் காயத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தோளைக் குலுக்கிவிட்டு எழுதினார். வேலைத்தலத்தில் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், அதற்கென்றே இருக்கிற விபத்து மருத்துவரிடமும் அங்கிருந்து கைக்கான சத்திரசிகிச்சை நிபுணரிடமும் அன்றைக்கே அனுப்பியிருப்பார்கள். அது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. அன்றைக்குத் தோலைத் தைத்துக் கட்டுப்போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அடுத்த நாள் காலை பலகையில் இலக்கம் ஒன்று கூடியிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு நாங்கள் வேலையைப் பார்த்தோம். குளிர்காலத்தில் வருஷமும் நிறைந்தது. விருந்து நடந்தது, படமும் பிடித்தார்கள். படத்தில் நான் நடுவில் நிற்கிறேன். யோகன் கடைசியில், வலது கையைச் சட்டைப் பைக்குள் விட்டபடி நிற்கிறான்.

காயம் ஆறியது, ஆனால் விரல்கள் மடங்கவில்லை. வேலைக்குத் திரும்பி வருவான், சாமான் கையில் நிற்காது, திரும்பவும் சுகவீன விடுப்பில் போவான். இதற்கிடையில் வேலையைக் காட்டி வதிவிட அனுமதியும் வாங்கிவிட்டான். அந்த வேலை இருக்கும்வரைக்கும்தான் அனுமதியும். விபத்து நடந்து எட்டாவது மாதம், ஒரு திங்கட்கிழமை, சபைக்கு நிர்வாகத்தின் கடிதம் வந்தது. இந்தத் தொழிலாளி இந்த வேலைக்குத் தகுதியற்றவராகிவிட்டார், வேலையில் இருந்து நீக்கப்போகிறோம், உங்கள் கருத்து என்ன என்று கேட்டிருந்தார்கள்.

தலைவி மூலையில் நேரம் எழுதினார். பத்து நாற்பது. பிறகு என்னைப் பார்த்து, எங்களுக்கு ஒரு வாரம் இருக்கிறது, அதற்குள் எழுத்தில் ஒன்றும் சொல்லாவிட்டால் நாங்கள் சம்மதித்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும் என்றார். அவர் ஏன் நிமிடம் எழுதினார் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

செவ்வாய்க்கிழமை யோகன் தன் ஆஸ்பத்திரிக் கடதாசிகளைக் கொண்டுவந்தான். அவற்றைத் தலைவி பார்ப்பதற்குச் சம்மதம் என்று ஒரு படிவத்தில் ஒப்பம் வைக்கவேண்டியிருந்தது. இடது கையால் மெல்ல மெல்லக் கோணல்மாணலாக வைத்தான். அவன் போனபிறகு தலைவி கடதாசியைப் படித்துவிட்டுக் கேட்டார், இவர் வலது கைக்காரர்தானே என்று. ஓம் என்றேன். "அப்படியென்றால் கத்தி வலது கையில் இருந்திருக்கும், தேங்காய் இடது கையில் இருந்திருக்கும். வெட்டு எப்படி வலது கையில் விழுந்தது?" என்று கேட்டார். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லவேண்டும் என்பார்கள். எனக்குத் தெரியாது என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. திங்கட்கிழமைக்குள் தெரிந்தால் சொல்லு என்று மட்டும் சொன்னார்.

புதன்கிழமை வேலைக்கு முன்னால் யோகன் வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிடுவோமா என்று கேட்டேன். வேண்டாம், ஷிஃப்ட் முழுக்க மாட்டுப்படும் என்று அவன் ஒரேயடியாக மறுத்தான். வதனி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றார். "அண்ணை, இவருக்கு இப்ப சட்டைப் பொத்தான் பூட்டிவிடுறது நான். அது பரவாயில்லை. வேலை போனால் இந்தக் கடதாசியும் போகும். பிள்ளையள் படிக்கிற பள்ளிக்கூடத்தை விட்டிட்டு நாங்கள் எங்கை போறது? அதை மட்டும் சொல்லுங்கோ," என்றார். குரல் உயரவில்லை. நான் அந்தத் தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பினேன்.

வியாழக்கிழமை தலைவியின் அறைக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். வீட்டில் நடக்கவில்லை, இயந்திரத்தில் நடந்தது, மூடியின் கருவியில் காந்தம் ஒட்டியிருந்தது. ஆனால் காப்புறுதி தராது என்பதால் மறைத்தோம் என்றேன். அவர் பேனையை மேசையில் வைத்தார். விதியை மீறி வேலை செய்திருந்தாலும் வேலை விபத்து வேலை விபத்துத்தான், காப்புறுதி உண்டு, இது சட்டத்திலேயே எழுதியிருக்கிறது என்றார். இன்னொரு முறை சொல்லும்படி கேட்டேன். சொன்னார். நான் கதிரையில் அப்படியே இருந்துவிட்டேன். எட்டு மாதமாக ஒரு மனிதனின் கையை நான் எதற்குப் பலி கொடுத்தேன்? இல்லாத ஒரு விதிக்குப் பயந்து கொடுத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அழவும் வந்தது.

இத்தோடு நான் நல்லவனாகிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். வீட்டில் நடந்ததென்று சொன்னது யார் என்று அவர் கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு, யோகன் பயந்துபோனான் என்றேன். காந்தம் யாருடையது? அது அங்கேயே கிடந்தது என்றேன். பாதி உண்மையைச் சொன்னவனுக்கு வரும் நிம்மதி இருக்கிறதே, அது பெரிய ஏமாற்று. உடம்பில் பாரம் குறைந்த மாதிரியே இருக்கும். அன்றைக்கு நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

தலைவி நான் சொன்னதை நம்பி எதிர்ப்புக் கடிதத்தை எழுதினார். தொழிலாளி பயத்தினால் காரணத்தை மாற்றிச் சொல்லியிருக்கிறார், இது வேலை விபத்து, நீக்குவதை எதிர்க்கிறோம். விபத்துக் காப்புறுதிச் சங்கத்துக்கும் தாமதமான அறிவித்தல் போனது. நிர்வாகம் சும்மா இருக்குமா? இரண்டு வாரத்தில் பதில் வந்தது. அப்படியானால் இவர் பாதுகாப்புக் கருவியில் கைவைத்திருக்கிறார், எங்களையும் ஏமாற்றியிருக்கிறார், இது தவணை கொடுக்காமல் உடனே நீக்கவேண்டிய குற்றம் என்று எழுதினார்கள். நான் தப்புவதற்குச் சொன்ன பாதி உண்மை அவனுடைய கழுத்தைப் பிடித்துவிட்டது.

விசாரிப்பதற்குக் காப்புறுதிச் சங்கத்தின் பரிசோதகர் ஒருவர் வந்தார். நரைத்த மீசை, அவசரம் இல்லாத மனிதர். நிர்வாகக் கட்டடத்தின் கூட்ட அறையில் அவரும், ஆலை முகாமையாளரும், ஊழியர்களை எடுப்பதையும் நீக்குவதையும் பார்க்கும் ஆளணிப் பொறுப்பாளரும், தலைவியும், யோகனும், மொழிபெயர்க்க நானும் இருந்தோம். வெளியே இருந்து ஒரு மொழிபெயர்ப்பாளரை எடுக்கலாம் என்று தலைவி சொல்லியிருந்தார். யோகன்தான், இராசண்ணை வந்தால் போதும் என்று சொல்லிவிட்டான்.

பரிசோதகர் கேட்கக் கேட்க யோகன் நடந்ததைச் சொன்னான். தாள் சிக்கியது, மூடியைத் திறந்தது, கத்தி இறங்கியது. நான் ஒவ்வொன்றாக டொச்சில் சொன்னேன். பிறகு அவர் கேட்டார், காந்தத்தை வைத்தது யார், தேங்காய் என்று சொல்லச் சொன்னது யார். நான் அதைத் தமிழில் யோகனிடம் கேட்டேன். என் வாயாலேயே என்னைப் பற்றிக் கேட்டேன்.

யோகன் அவர்களைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். சாதாரணமாகப் பதில் சொல்கிற குரலில் சொன்னான். "அண்ணை, காந்தம் வைச்சதும் நான்தான், தேங்காய் எண்டு சொன்னதும் நான்தான் எண்டு சொல்லிவிடுங்கோ. எனக்குப் போறது எப்பிடியும் போகப்போகுது. நீங்களும் ஏன் விழவேணும்?"

ஆளணிப் பொறுப்பாளர் பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஐம்பத்து மூன்று வயது. இந்த வயதில் வெளியே போனால் எனக்கு யார் வேலை தருவார்கள்? அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். 'அவரே செய்ததாகச் சொல்கிறார்' என்று இரண்டு மூன்று சொல்லில் முடித்துவிடலாம், அவன் சொல்லச் சொன்னதும் அதுதான். அந்த வசனம் டொச்சில் என் நாக்கு நுனிக்கு வந்தும்விட்டது. யோகனின் கை மேசைமேல் இருந்தது. இரண்டு விரலும் நேரே என்னை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தன.

நான் மொழிபெயர்த்தேன். ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன்.

"அவர் சொல்கிறார்: அண்ணை, காந்தம் வைத்ததும் நான்தான், தேங்காய் என்று சொன்னதும் நான்தான் என்று சொல்லிவிடுங்கள். எனக்குப் போவது எப்படியும் போகப்போகிறது. நீங்களும் ஏன் விழவேண்டும்?"

தலைக்கு மேலே வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன? நான் பையில் இருந்து காந்தத்தை எடுத்து மேசையில் வைத்தேன். இத்தனை மாதமாக அது என் கார்ப் பெட்டிக்குள்தான் கிடந்தது. அன்றைக்கு ஏன் எடுத்துக்கொண்டு வந்தேன் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. "மொழிபெயர்ப்பு முடிந்தது. இனி நான் பேசுகிறேன். இதைக் கொண்டுவந்தவன் நான். டொக்டரிடம் தேங்காய் என்று சொன்னவனும் நான். இவர் அன்றைக்கு வாய் திறக்கவில்லை," என்றேன்.

"அண்ணை," என்றான் யோகன். கத்தி இறங்கிய அன்றைக்குச் சொன்ன அதே குரல்.

பரிசோதகர் காந்தத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். இது இருப்பது வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டார். மைஸ்டர் இதைக் கழற்றி என் கையில் வைத்த கதையைச் சொன்னேன். முகாமையாளர் இருமினார். பரிசோதகர் எழும்பி, இயந்திரங்களைப் பார்க்கலாமா, இப்போதே, என்றார். போனோம். எங்கள் இயந்திரத்தைத் தவிர இன்னும் நாலு இயந்திரங்களில் கருவியை ஏமாற்றி வைத்திருந்தார்கள், சிலதில் காந்தம், சிலதில் ஒட்டுநாடா. அந்த நாலிலும் ஒரு தமிழன்கூட வேலை செய்யவில்லை. திரும்பி வரும்போது ஆளணிப் பொறுப்பாளரின் குரல் நன்றாக இறங்கியிருந்தது.

வேலை விபத்து என்று ஏற்றுக்கொண்டார்கள். யோகனை நீக்கும் கடிதத்தை நிர்வாகம் திரும்பப் பெற்றது. அவன் பிறகு சாமான் வந்து இறங்கும் பகுதியில், தரம் பார்க்கும் வேலைக்குப் பயிற்சி எடுத்தான். வதிவிட அனுமதியும் நிலைத்தது. என்னை நீக்கப் பார்த்தார்கள். சபை உறுப்பினரை நீக்குவதென்றால் சபையின் சம்மதம் வேண்டும், மூன்று நாளுக்குள் சபை முடிவு சொல்லவேண்டும். என் விஷயத்தில் நான் வாக்குப் போடமுடியாது, ஆகவே சாப்பாட்டு அறையில் குந்தியிருந்தேன். சபை மறுத்தது. நிர்வாகமும் நீதிமன்றம்வரை போய் அந்த நாலு இயந்திரத்தையும் காட்ட விரும்பவில்லை. எழுத்தில் ஒரு எச்சரிக்கையோடு என்னை விட்டார்கள்.

தலைவி என்னைப் பாராட்டுவார் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன், பொய் சொல்லக்கூடாது. அவர் சொன்னது இதுதான். "பாதிப் பொய்யில் என்னை ஒப்பம் வைக்க வைத்தாய். இன்னொரு முறை செய்தால் உன்னை நீக்கும் கடிதத்தில் முதல் ஒப்பம் என்னுடையது." சரி என்றேன். அதற்குப் பிறகு நாங்கள் பல வருஷம் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்தோம், நல்ல சினேகிதர்களும் ஆனோம்.

பலகையைக் கழற்றிவிடலாம் என்றார் முகாமையாளர். கழற்றமுடியாது, பொய்யான எண்ணிக்கையை அழித்துப் பூச்சியத்தில் இருந்து திரும்பத் தொடங்கவேண்டும் என்று தலைவி பிடிவாதமாக நின்றார். ஏணியில் ஏறி மூன்று இலக்கத்தையும் கழற்றிப் பூச்சியத்தை மாட்டினது நான். கீழே நின்ற எங்கள் ஆட்கள் சிலர், அண்ணை எங்களைக் காட்டிக் குடுத்திட்டார் என்று எனக்குக் கேட்கும்படியே கதைத்தார்கள். அடுத்த தேர்தலில் எங்கள் ஷிஃப்டில் எனக்கு வாக்கு நன்றாகக் குறைந்தது. மற்ற ஷிஃப்டுகள்தான் என்னைத் தெரிவு செய்தன. கோபம் வரத்தான் செய்தது. ஆனால் இயந்திரங்களுக்கு ஏமாற்றமுடியாத புதுக் கருவி வந்தது, ஓட்டத்தின் வேகத்தைக் குறைத்து நிர்வாகத்தோடு ஒப்பந்தமும் எழுதினோம். அதற்குப் பிறகு அந்தக் கத்தியில் ஒருவருக்கும் கை போகவில்லை.

யோகனுக்கு இரண்டு தரம் சத்திரசிகிச்சை செய்தார்கள். முடிவில் நிபுணர் எங்கள் இருவரையும் இருத்தி, முதல் வாரத்திலேயே வந்திருந்தால் வெட்டுப்பட்ட தசைநாரைச் சேர்த்திருக்கலாம், இனி இவ்வளவுதான் என்றார். அன்றைக்கும் நான்தான் மொழிபெயர்த்தேன். எத்தனை கூட்டத்தில் வென்றாலும் இந்த ஒரு வசனத்தை என்னால் மாற்ற முடியாது.

சென்னைத் தங்கச்சி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒரு வாரம் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று சொல்கிறதே, அந்தப் பிரிவை முதலில் படியுங்கள். உங்கள் ஆட்களிடம் நீங்கள் பிரச்சினை இல்லாத ஆட்கள் என்று யாராவது தட்டிக்கொடுத்தால், அன்றைக்கே போய் இயந்திரத்து மூடியைத் திறந்து பாருங்கள். உங்கள் இடத்தில் இயந்திரம் இல்லை என்றால், வீட்டுக்குப் போன பிறகும் வேலை செய்துகொண்டிருப்பவர் யார் என்று பாருங்கள். தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொல்லாதீர்கள். கேளுங்கள். வெட்கப்பட்டாலும் கேளுங்கள். பாதி உண்மையோடு ஒருவரையும் சண்டைக்கு அனுப்பாதீர்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் யோகன் வீடு வாங்கினான். குடிபூரலுக்கு என்னைத்தான் முதலில் கூப்பிட்டான். வாசலில் தேங்காய் உடைக்கும் நேரம் வந்தது. அவன் தேங்காயையும் கத்தியையும் கொண்டுவந்து என் கையில் தந்தான்.

"அண்ணை, நீங்களே உடையுங்கோ. எனக்கும் தேங்காய்க்கும் பழைய கோவம் ஒண்டு கிடக்கு. ஆஸ்பத்திரியிலை எழுத்திலையே இருக்கு," என்றான்.

வந்திருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவனும் சிரித்தான். வதனி சிரிக்கவில்லை. நான் தேங்காயை இடது கையில் பிடித்துக் கத்தியின் பின்பக்கத்தால் அடித்தேன். இரண்டாம் அடியில் உடைந்தது. கீழே கிண்ணத்தை ஏந்திக்கொண்டு நின்றவன் யோகன், வலது கையால். மூன்று விரல்கள் கிண்ணத்தைப் பிடித்திருந்தன. மற்ற இரண்டும் நேராக நீட்டிக்கொண்டிருந்தன, தேங்காய்த் தண்ணீர் அவற்றின்மேல் வழிந்துகொண்டிருந்தது.